அறுபது நாள் லீவு

அமிர்தலிங்கம் இறந்த அன்று வேம்பு அழவில்லை. பதினோரு மாதம் ஆகியும் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு, பாவம் அதிர்ச்சி என்று சொன்னவர்களும் உண்டு. வேம்புவைக் கேட்டிருந்தால் அவளுக்கே தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள். அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வேளாவேளைக்குச் சமைத்தாள், சாப்பிட்டாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். காலை ஏழரை மணிக்கு மட்டும் கை சும்மா இருக்காது. அது புருஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும் நேரம்.

வலது கையில் அவருக்கு இரண்டு விரல்களின் நுனி கிடையாது. மிச்ச விரல்களிலும் உணர்ச்சி செத்துப் போயிருந்தது. கொதிக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். வேம்புதான் ஓடிவந்து பிடுங்குவாள். பொத்தான் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவனை அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் வந்து நிற்பார். அவள் கீழிருந்து மேலே போட்டுக்கொண்டு வருவாள். கழுத்துப் பொத்தான் வந்ததும், "போதும், மூச்சு வாங்கட்டும்" என்பார். இருபது வருஷமாக அதே வார்த்தை.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேற்கே, முந்திரிக்காட்டை ஒட்டிய ஊர் அவர்களுடையது. சொந்தத்தில் ஒரு குழி நிலம் இல்லாத வீட்டிலிருந்து பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனவர் அமிர்தலிங்கம். இருபது வருஷம் கழித்து அவில்தாராகத் திரும்பி வந்தார். அதன்பின் சாகும் வரை அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலை வாசலில் காவல் வேலை. உள்ளே போகிற லாரி நம்பரையும் வெளியே வருகிற லாரி நம்பரையும் பேனாவைக் கட்டைவிரல் இடுக்கில் செருகிக்கொண்டு எழுதுவார். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், ஆனால் ஒரு நம்பர் தப்பாது. பட்டாளத்துக் கதை பேசுகிற ஆள் இல்லை. விரல் என்னாச்சு என்று கேட்டால், "சியாச்சின்ல, பனியில போச்சு" என்பார். மேலே கேட்டால் மாட்டை அவிழ்த்துக் கட்டப் போய்விடுவார்.

சாவு வீட்டுக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். ஒருவர் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கி, பிரித்து, எத்தனை வருஷம், எந்தெந்த இடம், என்னென்ன பதக்கம் என்று சத்தமாக வாசித்தார். அதில் சியாச்சின் இல்லை. ஒன்றுக்கு இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்க இருந்திருந்தா மெடல் இருக்கணுமே" என்று பக்கத்தில் நின்றவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். பட்டாளத்துக்காரர்களின் தாழ்ந்த குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். கூட்டத்தில் எவனோ ஒருவன், "கதிரடிக்கிற மெஷின்ல வுட்டுட்டு பனின்னு சொல்லியிருப்பாரு" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேம்புவின் காதில் அது விழுந்தது. மனுஷன் செத்ததில் மரத்துப்போன நெஞ்சில் அந்தச் சிரிப்பு மட்டும் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதனால்தான் மனு போட்டாள். மகள் கவிதா ஜெயங்கொண்டத்தில் ஈ-சேவை மையம் வைத்திருப்பவள். ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிறவள் அப்பாவுக்கு அடிக்க மாட்டாளா? என் கணவர் சியாச்சின் பனிமலையில் பணிபுரிந்தார், அங்கேதான் விரல்களை இழந்தார், அவருக்குரிய பதக்கம் பதிவேட்டில் விடுபட்டிருக்கிறது, சேர்த்துத் தர வேண்டும் என்று அடித்தாள். வேம்பு அதை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போய் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்தாள். அங்கே பானுப்ரியா என்று ஒரு பெண். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இல்லாத பொறுமை அவளுக்கு இருந்தது. "ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்புறோம்மா. அவங்க பழைய பைல எடுத்துப் பாத்து எழுதுவாங்க. நாளாகும்" என்றாள்.

நாலு மாதம் ஆயிற்று. வேம்பு இதற்குள் மூன்று முறை பெரம்பலூர் போய்வந்தாள். வருஷத் திதிக்குள் வந்துவிட்டால் படத்துக்குக் கீழே அந்தப் பதக்கத்தின் பெயரையும் எழுதி மாட்டலாம் என்பது அவள் கணக்கு. சங்கத்துக்காரர்களையும் கூப்பிடலாம். மெஷின் என்று சொன்னவனையும் கூப்பிடலாம், அவன் யாரென்று தெரிந்தால்.

பதில் வந்தது. கவிதா படித்துத் தமிழில் சொன்னாள். அவருடைய கம்பெனி 1993ஆம் வருஷத் தொடக்கத்தில் பனிமலையில் இருந்தது உண்மை. ஆனால் அமிர்தலிங்கம் அப்போது மேலே போகவில்லை. ஜனவரி பத்து முதல் மார்ச் பத்து வரை அறுபது நாள் விடுப்பில் சொந்த ஊரில் இருந்திருக்கிறார். ஆகவே பதக்கத்துக்குத் தகுதி இல்லை.

"அப்பா அந்த வருஷம் பொங்கலுக்கு வந்தாராம்மா?" என்று கவிதா கேட்டாள்.

"வரல."

"மாசிக்கு?"

"வரலடி. மழைக்காலத்துல தான் வந்தாரு. கையில கட்டோட வந்தாரு."

கவிதா கடிதத்தை மடித்தாள். "அப்ப அந்த அறுபது நாளு எங்க இருந்தாரு?"

வேம்பு கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மகள் எதை நினைத்துக் கேட்கிறாள் என்பது புரிந்தது. தானும் அதைத்தான் நினைக்கிறோம் என்பதும் புரிந்தது. லீவு வாங்கிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க வராத ஆம்பிளை வேறு எங்கே போவான்? வயிறு எரிய வேண்டிய இடம் அது. எரியவில்லை. சாணி மெழுகின தரை மாதிரி உள்ளே எல்லாம் ஈரமாக, சில்லென்று கிடந்தது. பனியும் பொய், விரலும் பொய் என்றால், இத்தனை வருஷம் அவள் பொத்தான் போட்டுவிட்ட மனுஷன் யார்?

அன்று மத்தியானம் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்த வருஷத்துக் காகிதம் எதுவும் அதில் இல்லை. தன் மரப்பெட்டியைத் திறந்தாள். கல்யாணப் பத்திரிகைக்கு அடியில் மஞ்சள் தடவின இன்னொரு பத்திரிகை இருந்தது. கவிதாவின் காதணி விழா. தை மாதம் இருபத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை, 4.2.1993. அதற்குள்ளேயே ஒரு போட்டோ. மூன்று வயதுக் கவிதா வாயைத் திறந்து கத்திக்கொண்டிருக்கிறாள். பத்தர் ஊசியோடு குனிந்திருக்கிறார். பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பட்டுத் துண்டோடு உட்கார்ந்திருப்பது வேம்புவின் அண்ணன் தங்கராசு.

தங்கராசுவும் அதே பட்டாளம், அதே கம்பெனி. அமிர்தலிங்கத்தைத் தங்கைக்குப் பேசி முடித்தவரே அவர்தான். அவர் வீட்டுச் சுவரில், கண்ணாடிக்குள், சியாச்சின் பதக்கம் தொங்குகிறது.

வேம்பு போட்டோவையும் தேதியையும் மாறிமாறிப் பார்த்தாள். கம்பெனி மலைமேல் இருந்த தை மாதத்தில் அண்ணன் இங்கே என்ன செய்துகொண்டிருந்தார்?

மறுநாள் காலை பஸ்ஸில் ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்திலிருக்கும் பிறந்த வீட்டுக்குப் போனாள். தங்கராசு கொல்லையில் வெண்டைக்காய் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அண்ணி வயலுக்குப் போயிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"அண்ணே, கவிதாவுக்குக் காது குத்தினப்ப நீ எந்த லீவுல வந்த?"

தங்கராசு மூட்டையின் வாயைக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"மாப்ள லீவுல" என்றார்.

அப்புறம் அவரே சொன்னார். மலைக்குப் போகிற பட்டியலில் இருந்தது தங்கராசு பெயர். லீவுப் பட்டியலில் இருந்தது அமிர்தலிங்கம் பெயர். இரண்டும் மேலதிகாரியிடம் போய்க் கையெழுத்தாகி வந்துவிட்டன, இனி மாற்ற முடியாது. தங்கராசு பெயரில் அமிர்தலிங்கம் மலைக்கும், அமிர்தலிங்கம் பெயரில் தங்கராசு ஊருக்கும் போனார்கள். பெயர் எழுதுகிற வடக்கத்தி ஆளுக்கு இரண்டு கறுப்பு மதராசிகளுக்குள் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஒருவர் கம்பெனியின் பெரிய அவில்தார். தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏழாவது வாரம் பனிப்புயலில் அமிர்தலிங்கத்தின் கையுறை பறந்து போயிற்று. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் தங்கராசு என்றே எழுதினார்கள்.

"எம் புக்குல எனக்கு ரெண்டு வெரல் நுனி இல்ல, வேம்பு. ரிட்டையர் ஆகும்போது டாக்டர் எங் கையப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு. புக்கப் பாத்தாரு. மறுபடி கையப் பாத்தாரு. ஒண்ணும் கேக்காம கையெழுத்தப் போட்டுட்டாரு." பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"எதுக்குண்ணே இந்த வேல? அவரே வந்திருக்கலாம்ல?"

"நீ எழுதின லெட்டரு வந்துச்சுல்ல. எங்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னாரு."

வேம்புவுக்கு அந்தக் கடிதம் வரிவரியாக நினைவுக்கு வந்தது. அப்போது புகுந்த வீட்டில் ஓரகத்தியின் பிள்ளைக்குக் காது குத்தியிருந்தார்கள். மாமன் மேளதாளத்தோடு வந்து ஊரே அசந்து போயிற்று. ரோஷத்தில் எழுதினாள்: நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை. அண்ணனை எப்படியாவது அனுப்பி வையுங்கள். மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்தினாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். தேதி குறித்தாகிவிட்டது.

அப்பன் இல்லாமல் காது குத்தலாம். தாய்மாமன் மடி இல்லாமல் எந்தப் பத்தர் ஊசியை எடுப்பார்?

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"மாப்ள சத்தியம் வாங்கிட்டாரு. ஒனக்குத் தெரிஞ்சா, எல்லாம் ஒன் லெட்டராலதான்னு நெனைச்சுக்குவன்னு சொன்னாரு."

தங்கராசு உள்ளே போய்ப் பதக்கத்தைக் கண்ணாடியோடு கழற்றி எடுத்து வந்தார். "ஓரத்துல வெட்டியிருக்கிற பேரு எம் பேரு. வெரலு அவரு வெரலு. ஒவ்வொரு ஆகஸ்டு பதினஞ்சும் இதக் குத்திக்கிட்டு நின்னிருக்கேன். செத்த வூட்டுல எவனோ மெஷின்னு சொன்னப்பவும் வாயத் தொறக்காம நின்னேன். நாளைக்கே வந்து எழுதிக் குடுத்துடுறேன்."

வேம்பு ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அண்ணன்மேல் கோபம் வரவில்லை. தன்மேலும் வரவில்லை. அவர் வேறெங்கும் போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. "மொதல்ல கவிதாகிட்டச் சொல்லு. அவ தப்பா நெனைச்சுக்கிட்டு இருக்கா" என்றாள்.

தங்கராசு அன்றைக்கே ஜெயங்கொண்டம் போய்ச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அண்ணனும் தங்கையும் பெரம்பலூர் அலுவலகத்தில் பானுப்ரியா எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகை, போட்டோ, பதக்கம் மூன்றும் மேசைமேல் இருந்தன. பானுப்ரியா எல்லாவற்றையும் கேட்டாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இத எழுத்துல வாங்கினா நான் அனுப்பித்தாம்மா ஆகணும். உங்க வூட்டுக்காரருக்குச் சேக்கணும்னா இவரு பேர்ல அடிக்கணும். வெறும் மெடலோட நிக்காது. ஆள் மாறிப் போனதுக்கு ரெண்டு பேர் பைலையும் தொறப்பாங்க. உங்க வூட்டுக்காரரும் அதுல தப்புப் பண்ணவருன்னுதான் எழுதுவாங்க. அப்புறம் மெடல் குடுப்பாங்களோ மாட்டாங்களோ, அது எனக்குத் தெரியாது."

"பரவால்லம்மா, பேப்பரக் குடுங்க" என்று தங்கராசு பேனாவைத் திறந்தார்.

வேம்பு அந்தப் பதில் கடிதத்தைப் பானுப்ரியாவின் பக்கம் தள்ளினாள். "இதுல அவரு எங்க இருந்தாருன்னு போட்டிருக்கு? இன்னொரு தடவ படிங்கம்மா."

"ஜனவரி பத்துலேருந்து மார்ச் பத்து வரைக்கும், அறுபது நாள், விடுப்பில் சொந்த ஊரில்."

வேம்பு கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து ஓய்வு பெறும் வரை பதினைந்து வருஷம். அதில் அவர் வீட்டில் இருந்த நாட்களை அவள் அப்போதெல்லாம் காலண்டரில் சுழித்து வைப்பாள். சில வருஷம் இருபது நாள், சில வருஷம் ஒரு மாதம். அறுபது நாளும் முழுசாக இருந்ததாக ஒரு வருஷம்கூடக் கிடையாது. இருபது தடவை எண்ணியிருக்கிறாள்.

அண்ணன் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி, அவர் சட்டைப் பையிலேயே செருகினாள். போட்டோவை எடுத்துப் பத்திரிகைக்குள் வைத்தாள். பதக்கத்தை அண்ணன் பக்கம் தள்ளினாள்.

"எம் மனுவத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா."

"நல்லா யோசிச்சீங்களா? ஊர்ல கேக்குறவங்களுக்கு என்னம்மா சொல்லுவீங்க?"

"மெஷின்னே சொல்லிட்டுப் போவட்டும்" என்றாள் வேம்பு. குரல் முதல் தடவையாக உடைந்தது. "அந்த அறுபது நாளும் எங்கூட வூட்டுலதான் இருந்தாருன்னு கவர்மெண்டு எழுதி வெச்சிருக்கு. அதப் போயி நானே அடிக்கச் சொல்லுவனா?"