லாரியோடு போக வேண்டியது

லாரிக்கு உடம்பு கட்டுகிறவர்கள் நாங்கள். எஞ்சினும் சக்கரமும் எங்கிருந்தோ வரும்; விலாவும் தோலும் நிறமும் நாமக்கல்லில், எங்கள் அப்பாவின் பட்டறையில்தான் முளைக்கும். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சுபோல, ஓட்டுநர் உட்கார ஒரு பலகை மட்டும் கட்டி, மொட்டையாக வந்து நிற்கும் சட்டம், ஒரு மாதம் கழித்து மஞ்சளும் சிவப்புமாய்க் கொம்பூதிக்கொண்டு வடக்கே போகும்.

அந்த ஒரு மாதத்துக்குள் ஒரு நாள் உண்டு. அடிப்பலகை அடித்து முடிந்திருக்கும், பக்கப்பலகை இன்னும் ஏறியிருக்காது. தரையிலிருந்து நான்கடி உயரத்தில், நாலு பக்கமும் திறந்து, புதுமரம் மணக்க ஒரு மேடை. அன்று மதியச் சாப்பாடு அதன் மேல்தான். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள், அப்பா உட்பட. தலைமைத் தச்சரான என் தாய்மாமா கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் பலகையில் மூன்று தட்டுத் தட்டுவார். அதோடு முதலாளி இல்லை, வேலையாள் இல்லை. யாரும் யாரையும் எதையும் கேட்கலாம். மறுபடி மூன்று தட்டு விழுந்து இறங்கிவிட்டால், மேலே பேசியதைக் கீழே எடுக்கக் கூடாது.

“மேல பேசுனது லாரியோட போயிரும்” என்பார் மாமா. போயும்விடும். வங்காளத்துக்கும் பஞ்சாபுக்கும் எங்கள் ஊர்ச் சண்டைகள் எவ்வளவு போயிருக்கும்!

கோடை விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோகும் வேலை எனக்கு. ஒன்பது வயது. பலகையின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பெரிய மனிதர்கள் வாயைத் திறப்பதைப் பார்ப்பேன். அப்படியொரு திறப்பை வீட்டில் கண்டதில்லை, பள்ளியில் கண்டதில்லை, கோயிலில்கூடக் கண்டதில்லை.

“நீங்க சொன்ன கச்சிக்கு நானு ஓட்டுப் போடலீங்க” என்றார் வெல்டர், அப்பாவைப் பார்த்து, அப்பாவின் இலையிலிருந்தே ஒரு வடையை எடுத்துக் கடித்தபடி. கீழே ஆயிரம் ‘ஆமாங்க’ சொல்கிற அதே வாய். அப்பாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு சோற்றைப் பிசைந்தது.

“உன் ஓட்டு உன்னுதுடா. தோத்துப்போன கச்சிக்குப் போட்டிருக்கறயே, அதான் பாவமா இருக்குது.”

பெயிண்டருக்கு வேறு கவலை. லாரி வடக்கே போவதால் பின்னால் இந்தியில் எழுதச் சொல்கிறார்கள். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது; கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல் பார்த்து வரைவார். “என்ன எழுதறேன்னே தெரியாம எழுதறனுங்க. என்னையே திட்டி நானே எழுதியிருந்தாலும் தெரியாதுங்களே!”

“எழுதாட்டி லாரிக்காரன் கரூர்ப் பட்டறைக்குப் போயிருவான்” என்றார் மாமா. “பாசையும் வேணும், பொழப்பும் வேணும். என்ன பண்ணச் சொல்றே?”

“முட்டைக்கு நம்மூர்ல வெலை சொன்னா மெட்ராசே கேக்குது” என்றார் வெல்டர். “நாம வாயத் தொறந்தா நம்மூட்டுக் கோழிகூடக் கேக்கறதில்ல.”

சிரிப்பில் பலகை அதிர்ந்தது. அந்த அதிர்வு என் தொடைவழியே ஏறி வயிற்றில் போய் உட்கார்ந்தது. உலகம் இந்தப் பலகையின் மேல்தான் நடக்கிறது, கீழே நடப்பதெல்லாம் ஒத்திகை என்று நினைத்தேன்.

அந்த மகிழ்ச்சியில்தான் அப்பா சொன்னார்: “இந்தப் பலகைக்கு மேல ஆருக்கும் ஆரும் ஒசத்தியில்ல. நம்ம பட்டறையாட்ட எங்கியும் கெடையாது.”

“ஏனுங்க, நானும் ஏறலாமுங்களா?”

கீழேயிருந்து வந்தது அந்தக் குரல். பட்டறையைக் கூட்டுகிற பெண். இழைப்புச் சுருள்களைச் சாக்கில் அள்ளி அடுப்பெரிக்கக் கொண்டுபோவார். என்னைவிட நான்கு மடங்கு வயது. ஆனாலும் அவரை நான் பேர் சொல்லி, ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் அவர்கள் தெருக்காரர்களை அப்படித்தான். அந்தப் பேரை இங்கே எழுதினால் மறுபடியும் அப்படிக் கூப்பிட்டதுபோல் ஆகிவிடும், எழுதவில்லை.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா, சற்றுமுன் தன் வாயிலிருந்து போன சொல்லைப் பார்த்தார். “ஏறு” என்றார்.

நான்தான் கை கொடுத்தேன். துடைப்பத்தைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு ஏறினார். உட்காரவில்லை.

“ஒன்னே ஒன்னு கேக்கறனுங்க. உள்ளார அலமாரியில ஏழெட்டுக் கிளாசு இருக்குது. டீ வந்தா எல்லாரும் அதுல குடிக்கறீங்க. எனக்கு மட்டும் எதுக்குங்க வெளிச்செவுத்து ஆணியில ஒரு டம்ளரு?”

குரல் உயரவில்லை, நடுங்கவில்லை. ஏதோ விறகு நனைந்திருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். ஒரு மனிதர் இன்னொரு மனிதரைக் கேள்வி கேட்டால் ஊரே இப்படி அமைதியாகுமா?

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கேட்டது நாயந்தான்.”

அப்பா தோற்று நான் பார்த்த முதல் இடம் அது. தோற்றபோது அவர் எனக்கு இன்னும் பெரியவராகத் தெரிந்தார். மாமா மூன்று தட்டுத் தட்டினார். எல்லோரும் இறங்கினோம்.

திங்கட்கிழமை டீ வந்தது. கிளாஸ்கள் உள்ளேயிருந்து வந்தன. அவர் ஆணியிலிருந்து அலுமினிய டம்ளரை எடுத்து நீட்டினார். டீக்கடைக்காரர் தூக்குப்போசி டம்ளரில் பட்டுவிடாமல் உயர்த்திப் பிடித்து ஊற்றினார். நான் மாமாவின் சட்டையை இழுத்தேன்.

“மாமா, நாயந்தான்னு அப்பா சொன்னாங்கல்ல?”

“மேல பேசுனதக் கீழ பேசப்படாது கண்ணு.”

என்ன கட்டுப்பாடு! அவ்வளவு பெரிய பேச்சை இத்தனை பேரும் ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்திருக்கிறார்களே என்று வியந்தேன். வீட்டில் அம்மா கேட்டபோது நானும் வாயைத் திறக்கவில்லை.

லாரி புறப்படும் நாள் வந்தது. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம், வாசலில் உடைந்த பூசணிக்காய், அப்பா கையில் கற்பூரத் தட்டு. எல்லோர் கண்ணும் முன்பக்கம். நான் பின்பக்கம் இருந்தேன், பெயிண்டரின் இந்திக் கோலத்தைப் பார்த்தபடி. பட்டறையைக் கூட்டுகிறவர் ஆணியண்டை போனார். டம்ளரை எடுத்தார். முந்தானையால் உள்ளும் புறமும் துடைத்தார். லாரியின் வயிற்றுக்கடியில் இருக்கும் சாமான் பெட்டியைத் திறந்து, உள்ளே வைத்து, மூடினார். அவசரமே இல்லை. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். லாரி நகர்ந்தது.

“போயிட்டு வாடா சாமி” என்றார் ஓட்டுநரிடம் மாமா.

“போ சாமி. போயிரு” என்றார் அவர், லாரியிடம்.

டீ வந்து இறங்கியது. அப்போதுதான் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஆணி காலி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மேலே பேசியதைக் கீழே எடுத்ததாகும். எங்கள் சட்டத்தை எங்களைவிட நன்றாகப் படித்தவர் அவர்தான் என்பது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாவம், டம்ளரை மறந்து லாரியில் வைத்துவிட்டார், அவருக்கு இன்று டீ கிடையாது.

ஓடினேன். தார் சுட்டது. மூலைப் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்ட லாரி நின்றிருந்தது. “பெட்டியில டம்ளருங்க! எங்க பட்டறை டம்ளருங்க!” ஓட்டுநர் சிரித்துக்கொண்டே இறங்கி எடுத்துத் தந்தார். கோப்பை வென்றவளைப் போல அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன்.

பட்டறையில் ஒருவரும் நின்ற இடத்தை விட்டு அசைந்திருக்கவில்லை. அப்பா மட்டும் தொட்டியண்டை நின்று, அலமாரியிலிருந்து எடுத்த ஒரு கிளாசை அலம்பிக்கொண்டிருந்தார். அலம்பினார், அலம்பினார், அது அவ்வளவு அழுக்கா என்று தோன்றுமளவுக்கு. என் கையைப் பார்த்ததும் நீரை உதறிவிட்டு, கிளாசை மறுபடி அதன் இடத்திலேயே வைத்தார்.

எட்டி, ஆணியில் மாட்டினேன். டங்கென்றது.

“மறந்துட்டீங்க” என்றேன். அவரிடம் நான் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. பலகையில் அவர் பேசியதைக் கேட்டதிலிருந்து அப்படிக் கூப்பிட வேண்டுமென்று இருந்தது.

அவர் மரத்தூள் படிந்த கையை என் தலையில் வைத்தார். “எம்மேல எத்தன பாசம் சாமி உனக்கு.”

வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா உளியைத் தேடினார். அது அவர் கண்ணெதிரே மரத்துண்டின் மேல்தான் இருந்தது. டீயை உயரத்திலிருந்து ஊற்றினார்கள். அவர் குடித்தார்.

வேர்த்து, மூச்சிரைத்து, உள்ளங்காலில் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு அன்று சாயங்காலம்வரை ஒரே ஒரு வியப்புதான். ஆணி காலியாக இருந்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய ஆட்களில் ஒருவர்கூட ஏன் ஓடவில்லை?