பத்து விநாடிக் கோபம்

என் மனைவியின் கோபத்துக்கு ஒரு நடை இருந்தது. முதல் வாக்கியம் தணிந்து வரும். இரண்டாவதில் ஒரு 'சார்' இருக்கும். மூன்றாவதில்தான் வலது கைச் சுட்டுவிரல் எழும். அது எழுந்தால் ரேஷன் கடைத் தராசு நேராகும், வாரக்கணக்கில் தோண்டிப் போட்ட பள்ளம் மூடப்படும், அபிராமபுரத்தில் எங்கள் தெருவிளக்கு எரியும். நான் எழுதிப் பிழைக்கிறவன். என் வாக்கியங்கள் இதுவரை ஒரு பல்பைக்கூட எரியவைத்ததில்லை.

தி.நகரில் ஒரு சாயங்காலம். நடைபாதைமேல் பைக்கை ஏற்றிக்கொண்டு வந்த ஒருவன், பூ விற்கிற அம்மாளின் கூடையைத் தட்டிவிட்டான். மல்லிகை அப்படியே மண்ணில். அவன் நிற்காமல் ஹாரன் அடித்தான். இவள் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். அன்றைக்கு முதல் இரண்டு வாக்கியங்களுக்கு நேரமில்லை, நேராக விரல்தான். "நடக்கிறவங்க எங்கடா நடக்கிறது? உன் தலைமேலயா?" அவன் இறங்கினான். குனிந்து பூவைப் பொறுக்கினான். துணிப்பைகளோடு பக்கத்தில் நின்ற நான் அதைப் பார்த்தேன்.

யாரோ போனில் எடுத்த காட்சியில் கூடை இல்லை. பூ இல்லை, அந்த அம்மாள் இல்லை, பைக்கும் இல்லை. பத்து விநாடி. அவிழ்ந்த கொண்டை, திறந்த வாய், விரல். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் சுற்றி, எங்கள் குடும்பக் குழுவுக்கே ஸ்டிக்கராக வந்து சேர்ந்தது. கீழே மஞ்சள் எழுத்தில்: ஆன்ட்டி மோட் ஆன். அனுப்பியவள் இவளுடைய அக்கா மகள். "சித்தி, நீங்க வேற லெவல்!"

முதல் நாள் எல்லோரும் சிரித்தோம். அவளும்தான். "கொண்டையை முடிஞ்சுக்கிட்டாவது கத்தியிருக்கலாம்," என்றாள்.

நான் அதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். நண்பர்கள் குழுவில் ஒருவன் "வீட்டுல எப்படிடா ஓடுது?" என்று கேட்டபோது எடுத்து அனுப்பினேன். ஒன்பது பேர் சிரித்தார்கள். ஒன்பது! நான் எழுதியது எதற்கும் அங்கே ஒரு கட்டைவிரல் விழவே ஒரு நாள் ஆகும். அதன் பிறகும் அனுப்பினேன். வர முடியாது என்பதற்கு, நேரமாகிவிட்டது என்பதற்கு, ஒன்றுமே இல்லாததற்கு.

கோடையில் எங்கள் குடியிருப்பின் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், தண்ணீர் நாற ஆரம்பித்தது. சாக்கடை எங்கேயோ கலக்கிறது என்று இவள்தான் முதலில் சொன்னாள். இரண்டாம் மாடிக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கொண்டுவரும்போதே நாறுகிறதா என்று கேட்டுப் பார்க்கலாமென்று தண்ணீர் லாரிக்காரரிடம் போனாள். அவர் கையில் பிடித்த குழாயோடு வாய் பிளந்தார். "யக்கா, நீதானா அது? என் பொண்டாட்டி போன்ல நீதான் கீற! ஒரே ஒரு தபா வெரல காட்டுக்கா." பிரியமாகத்தான் சொன்னார். இவள் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிருந்தாள். முதல் வாக்கியம் தணிந்துதான் வந்தது. இரண்டாவதில் "மோந்து பாருங்க சார்." மூன்றாவதுக்கு விரல் பாதி எழுந்தது.

"எல்லாரும் உஷார்! ஆன்ட்டி மோட் ஆன்!" என்றார் செயலாளர்.

பிளாஸ்டிக் நாற்காலிகள் குலுங்கின. கெட்டவர்கள் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. அந்தக் குழந்தையின் அப்பாவும் சிரித்தார். இவள் தன் விரலை ஒரு கணம் பார்த்தாள். அந்த விரலாலேயே முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டிலை யாரும் திறக்கவில்லை. அடுத்த பேச்சு லிஃப்டுக்குப் பெயின்ட். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது, அவள் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"நான் லெட்டர் எழுதித் தரட்டுமா?" என்றேன் வீட்டுக்கு வந்து.

"எழுதுங்க. அதுல என் மூஞ்சி இருக்காதுல்ல."

தண்ணீரைப் படமெடுத்துக் கடிதத்தோடு அனுப்ப என் போனை வாங்கினாள். நான் மூடாமல் விட்ட நண்பர்கள் குழுவில் ஸ்டிக்கர் வரிசை திறந்தே இருந்தது. முதலில் இருந்தது அவள். குழுவை மேலே மேலே தள்ளிப் படித்தாள். பிறகு போனை மேஜைமேல் மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒம்பது பேரா," என்றாள்.

குடிநீர் வாரியத்துக்குக் கடிதத்தை எழுதினேன். நல்ல நடை. பதில் இல்லை. அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அதன் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். "மேடம், நீங்க வாரிய ஆபீஸுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்."

"நான் சொன்னா சிரிப்பாங்க சார்." முகத்தில் எதுவும் அசையவில்லை. இப்போது அப்படித்தான் பேசுகிறாள், என்னிடமும். பஸ்ஸில் யாராவது மிதித்தால் காலை இழுத்துக்கொள்கிறாள். கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். சம்ப் நாறிக்கொண்டே இருக்கிறது.

நேற்று அடையாறில் பஸ்ஸுக்கு நின்றபடி, இத்தனை நாள் நேரில் கேட்க முடியாததை எழுதி அனுப்பினேன்: என்மேல கோவமா?

பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பிறகு வந்தது.

அவிழ்ந்த கொண்டை, திறந்த வாய், விரல். மஞ்சள் எழுத்து.

பஸ் வந்தது, போனது. அந்தச் சின்னச் சதுரத்தின் ஓரத்தில் எங்கேயாவது ஒரு மல்லிகை தெரிகிறதா என்று போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடிக்கொண்டு நின்றேன். வெட்டியவர்கள் சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள்.