பட்டன் மேடமும் படகு டிக்கெட்டும்

அந்த அலுவலகத்தில் அவள் சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் யாருக்கும் தெரியாது. 'பட்டன் மேடம்' என்று கேட்டால் வாசல் காவலாளிகூட மாடியைக் கை காட்டுவார். பட்டம் சூட்டியவர் பக்கத்து மேசைக்காரர். சும்மா ஒன்றும் சூட்டவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, "பட்டன்னா பட்டன்னு எழுதித் தொலைங்களேன்!" என்று கத்துவாள். கீழ்த்தளத்தில் இருக்கிற பல் மருத்துவர்கூட ஒரு நாள் மேலே வந்து, "யாருக்குச் சட்டை தைக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். இணையப் பக்கத்தில் 'வாங்கு', 'அனுப்பு' என்று அழுத்துகிறோமே, அந்தப் பட்டனுக்கென்று சில பிறவிக்குணங்கள் உண்டு. விரலால் அழுத்தலாம், விசைப்பலகையாலும் அழுத்தலாம். பார்வையில்லாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் குரல், 'இது பட்டன்' என்று தானாகவே சொல்லிவிடும். பட்டன் என்று எழுதினால் போதும், இத்தனையும் கூடவே வரும். அதை விட்டுவிட்டு, ஒரு வெற்றுப் பெட்டியை வரைந்து, வர்ணம் பூசி, மூலைகளை வளைத்து, அதற்குப் பட்டன் வேஷம் போட்டு மேடையேற்றுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். வாசிக்கிற குரலுக்கு மட்டும் அங்கே ஒன்றுமே இருக்காது. சுவரில் கதவை வரைந்து வைத்துவிட்டு உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டால் மண்டைதானே உடையும்!

இணையப் பக்கம் எழுதும் இந்தத் தொழிலை அவள் கற்றுக்கொண்டதே அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துத்தான். உலாவியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அதை எப்படி எழுதினார்கள் என்று உள்ளே புகுந்து பார்க்கலாம் அல்லவா? அப்படிப் பார்த்துப் பார்த்து, பிய்த்துப் பிய்த்து, திரும்ப ஒட்டி ஒட்டிக் கற்றுக்கொண்டாள். "எந்தக் கடைக்காரன் தன் சமையலறையைத் திறந்து காட்டுறான்? இணையம் காட்டுச்சு. அதை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கல. அப்படியே இருக்கணும்" என்பாள். அவள் எழுதுகிற கருவியும் அவளைப் போலத்தான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவே. மெனு கிடையாது, படம் கிடையாது. அவசரத்துக்கு அவள் மேசையில் உட்கார்ந்த பக்கத்து மேசைக்காரர், அதிலிருந்து வெளியே வர வழி தெரியாமல் மின்சாரத்தையே பிடுங்கிவிட்டு எழுந்தார்.

அந்தப் பக்கத்து மேசைக்காரருக்கு அவள் வைத்த பெயர் 'மூட்டை சார்'. ஆள் என்னவோ கொடிக்கம்பம் மாதிரி ஒல்லிதான். ஆனால் எந்தச் சின்ன வேலைக்கும் வேறு யாரோ எழுதிய ஆயத்தக் கோப்புகளை மூட்டை மூட்டையாக இறக்குவார். ஒரு தேதியைக் காட்ட ஒரு மூட்டை, அந்த மூட்டையைப் பிரிக்க இன்னொரு மூட்டை.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பாள் பட்டன் மேடம்.

"ஆமா, உங்களை ஒரு சட்டை தைக்கச் சொன்னா, முதல்ல பருத்தி விதைக்கப் போவீங்க" என்பார் அவர்.

இப்படி வருடக்கணக்காகச் சண்டை. ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவருக்கு அன்றைக்குத் தேநீர் இறங்காது.

இந்த இருவர் தலையிலும்தான் முதலாளியம்மா அந்தப் படகு வேலையைக் கொண்டுவந்து கட்டினார். ஆற்றில் மாலை நேரத்தில் உல்லாசப் படகு விடும் ஒரு கம்பெனி. சனிக்கிழமைப் படகில் பாட்டுக் கச்சேரியும் உண்டு. அவர்களுடைய பழைய டிக்கெட் பக்கம் பாழாய்ப்போனது. புதிதாக ஒன்று வேண்டுமாம்.

வீட்டில் இதைச் சொன்னதும் தம்பி எழுந்து உட்கார்ந்தான். அவளும் தம்பியும்தான் அந்த மூன்றாம் மாடி வீட்டில். தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வாய்க்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. ஒரு வாடகைக் கார் கம்பெனியில் தொலைபேசி எடுப்பது அவன் வேலை. அவன் கைபேசியில் திரையை வாசிக்கும் குரலுக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்திருந்தான். அதை அவன் ஓடவிடுகிற வேகத்தில் மற்றவர்கள் காதுக்கு வண்டு ரீங்காரம்தான் கேட்கும்.

"அக்கா, அந்தப் பக்கத்தை ஒழுங்கா எழுதுவியா?"

"ஏன்டா, உனக்கு என்ன திடீர்னு படகு மேல பாசம்?"

தம்பி மேசையில் தாளம் போட்டான். பிறகு சொன்னான். கார் கம்பெனியில் அவனுக்கு எதிர் மேசையில் ஒருத்தி இருக்கிறாள். எந்தக் கார் எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிறவள். அவளைச் சனிக்கிழமைப் படகுக்குக் கூப்பிட வேண்டும்.

"அட திருட்டுப் பயலே! இவ்வளவுதானே? டிக்கெட்டை நானே எடுத்துத் தரேன்."

"அதுதான் வேண்டாங்கறேன். சட்டை வாங்கினா நீ, பேங்க் வேலைன்னா நீ, பஸ்ஸுக்கும் நீ. கேட்டா செய்வே, தெரியும். ஆனா இதுவும் அக்கா எடுத்துக் கொடுத்த டிக்கெட்டான்னா, அவகிட்ட நான் என்னன்னு சொல்றது? இதை நானா எடுக்கணும்க்கா. யாரோட கையும் படாம."

பட்டன் மேடம் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் மூட்டை சார் தன் கைவரிசையைக் காட்டினார். திரையில் படகே மிதந்தது. இருக்கைகள் எல்லாம் நீல முட்டைகள் மாதிரி வரிசையாக மின்னின. தொட்டால் பச்சையாகித் துள்ளின. கூடவே, எத்தனை பேர் என்று கேட்டு, சேர்ந்தாற்போல் இருக்கிற நல்ல இடத்தைத் தானே தேடிக் கொடுக்கும் ஒரு சாமர்த்தியமும் அந்த மூட்டைக்குள் இருந்தது. முதலாளியம்மா வாயைப் பிளந்துவிட்டார்.

"ரொம்ப அழகு. இதுல வாசிக்கிற குரலுக்கு என்ன கேட்கும்?" என்றாள் பட்டன் மேடம்.

ஓடவிட்டுப் பார்த்தார்கள். 'படம்' என்றது குரல். அப்புறம் மூச்சுவிடவில்லை.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். முழு மூட்டையையும் தூக்கி வெளியே போட வேண்டும் என்று நின்றாள். அந்த இடம் தேடும் பகுதியை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம் என்று அவர் கெஞ்சினார். ம்ஹூம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஒவ்வோர் இருக்கைக்கும் தொட்டால் 'டிக்' விழுகிற ஒரு தேர்வுக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் தெளிவான பெயர், எல்லா உலாவியிலும் ஓடுகிற சுத்தமான, சாதாரணப் பக்கம். முதலாளியம்மா பெருமூச்சுவிட்டு, அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மூட்டை சார் அன்று தனியாகத் தேநீர் குடித்தார்.

எழுதி முடித்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சோதனைப் பக்கத்தைத் தம்பியின் கைபேசிக்கு அனுப்பிவிட்டு, எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாராட்டுக்குத் தயாராக ஒரு சிரிப்பையும் வைத்திருந்தாள்.

வாயாடி ஆரம்பித்தது. முதல் வரிசை, இடது பக்கம், முதல் இருக்கை, தேர்வு செய்யப்படவில்லை. முதல் வரிசை, இடது பக்கம், இரண்டாம் இருக்கை, தேர்வு செய்யப்படவில்லை. முதல் வரிசை, நடுவில்...

தம்பி முதலில் பொறுமையாகக் கேட்டான். பிறகு வேகத்தைக் கூட்டினான். ஏழாவது வரிசையில் சிரிக்க ஆரம்பித்தான்.

"என்னடா சிரிப்பு?"

"படகுல எத்தனை சீட்டுக்கா?"

"நூத்தி இருபது."

"இது சொல்லி முடிக்கறதுக்குள்ள படகு போயிட்டுத் திரும்பி வந்துடும்! ரெண்டு சீட்டு பக்கத்துல பக்கத்துல வேணும்னா, எது காலி, எது போச்சுன்னு நூத்தி இருபதையும் நான் மனப்பாடம் பண்ணணுமா? கண்ணு தெரிஞ்சவன் ஒரு பார்வை பார்த்து எடுத்துடுவான்."

அவளுக்குச் சுருக்கென்று வந்தது. "எல்லாம் விதிப்படிதான் எழுதியிருக்கேன். ஒரு தப்பு சொல்லு பார்ப்போம்!"

"தப்பே இல்லக்கா. அதான் பிரச்சினை. கடைக்குப் போனா, கடைக்காரர் இருக்கிற சாமானையெல்லாமா ஒப்பிப்பார்? என்ன வேணும்னு நம்மளைக் கேட்பார்."

கோபத்தில் அவள் அன்றைக்கு அவனோடு சாப்பிட உட்காரவில்லை. தனியாக உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டதும், கோபம் யார் மேல் என்று தெரிந்துவிட்டது. 'என்ன வேணும்' என்று கேட்கிற அந்தச் சாமர்த்தியத்தைத்தான், மூட்டையில் வந்த ஒரே பாவத்துக்காக, தன் கையாலேயே தூக்கிக் குப்பையில் போட்டிருந்தாள். யாருக்காக இந்தச் சண்டையெல்லாம் போட்டாளோ, அவனை ஒரு வார்த்தை கேட்காமலேயே போட்டிருக்கிறாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

காலையில் இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு மூட்டை சார் மேசைக்குப் போனாள்.

"அந்த இடம் தேடுற பகுதி இன்னும் வெச்சிருக்கீங்களா?"

அவர் கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எனக்குக் காது சரியா கேட்கல பட்டன் மேடம். இன்னொரு தடவை சொல்லுங்க."

"சொல்றேன். நான் தப்பு, நீங்க சரி. போதுமா?"

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? சுவர்ல மாட்டணும்."

பிறகு நடந்த வேலை இருக்கிறதே, அப்படி ஒரு சந்தோஷத்தை இருவரும் அந்த அலுவலகத்தில் பார்த்ததில்லை. மூட்டையைப் பிரித்து, வேண்டாததை எல்லாம் உதறி, இடம் தேடும் சின்னஞ்சிறு கணக்கை மட்டும் அவர் எடுத்துக் கொடுத்தார். அதற்கு முன்னால் நிற்கிற பக்கத்தை அவள் எழுதினாள். எந்த நாள், எத்தனை பேர், ஓரமா நடுவிலா? மூன்று கேள்வி, ஒரு பட்டன். நீல முட்டைப் படகும் வேண்டுமென்கிறவர்களுக்காகக் கீழே மிதந்தது. ஒரு குறியீட்டுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டுக்கொண்டார்கள். "அவங்க ரெண்டு பேரும் சரியாயிட்டாங்க" என்று முதலாளியம்மா நிம்மதியாக வேறு வேலை பார்க்கப் போனார்.

தம்பிக்கு மறுபடி சோதனைக்குக் கொடுக்கிறேன் என்றாள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். "ஒத்திகை பார்த்துட்டு எடுத்தா அது நானா எடுத்த மாதிரி ஆகாது. திறக்கிற அன்னிக்கு எல்லாரையும் மாதிரி நானும் வரேன்."

திறக்கிற நாள் காலையில் பட்டன் மேடத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பி தடுக்கிவிட்டால்? ஏதோ ஒரு மூலையில் வாயாடி வாயடைத்துப் போனால்? அவன் 'அக்கா, கொஞ்சம் எடுத்துக் கொடேன்' என்று கேட்கும்படி ஆகிவிட்டால், அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

இன்னொன்றும் இருந்தது. பக்கத்தை நடத்துகிறவர்கள் இருக்கைகளை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கலாம். சனிக்கிழமைக்கு இரண்டே இரண்டு. யாருக்குத் தெரியப் போகிறது? கை அந்தப் பக்கம் போகவே போனது. யாரோட கையும் படாம என்றானே படுபாவி! கையை இழுத்து மடியில் வைத்து, அதன் மேல் இன்னொரு கையையும் வைத்துக்கொண்டாள்.

பக்கம் திறந்தது. கூட்டம் என்றால் கூட்டம், அப்படியொரு கூட்டம். டிக்கெட்டுகள் பறந்தன. முதலாளியம்மா கை தட்டினார். மூட்டை சார் பக்கத்தை ஓட்டுகிற வழங்கிக் கணினியின் சுமையைப் பார்த்துக்கொண்டே, "தாங்குது, தாங்குது" என்று முணுமுணுத்தார். பட்டன் மேடம் கைபேசியையே முறைத்துக்கொண்டிருந்தாள். யார் யார் வாங்கினார்கள் என்று திறந்து பார்க்கலாம்தான். அதுவும் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கைபேசி அடித்தது.

"அக்கா." குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னடா? எங்க நின்னுச்சு? எந்தப் பட்டன்? சொல்லு, இப்பவே சரி பண்றேன்."

"எங்கயும் நிக்கல. நாள் கேட்டுச்சு, சொன்னேன். எத்தனை பேர்னு கேட்டுச்சு, ரெண்டுன்னேன். ஓரமான்னு கேட்டுச்சு, ஆமான்னேன். பட்டனை அழுத்தினேன்."

"அப்புறம்?"

"சனிக்கிழமை டிக்கெட் தீர்ந்துபோச்சாம்."

"ஐயோ!"

"என்ன ஐயோ? அக்கா, இத்தனை வருஷத்துல எத்தனை இடத்துல எனக்கு டிக்கெட் கிடைக்கல தெரியுமா? ஒரு தடவைகூட டிக்கெட் இல்லாததால கிடைக்காம போனது இல்ல. படத்தைத் தொடுன்னு சொல்லும், நின்னுடுவேன். இன்னிக்குத்தான் எல்லாருக்கும் சொல்ற பதிலை எனக்கும் சொல்லுச்சு. லேட்டா வந்தே, கிடையாது, போ! வீட்ல தூங்கிட்டு லேட்டா வந்த எல்லாரோடயும் சேர்த்து எனக்கும்!" அவன் சிரித்தான். சிரிப்பு நடுவில் ஒரு மாதிரி உடைந்து, மறுபடி சிரிப்பானது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப என்ன பண்ணப் போறே?" என்றாள்.

"பண்ணிட்டேனே. புதன்கிழமை இருக்குன்னுச்சு. ரெண்டு எடுத்துட்டேன். கையோட அவகிட்டயும் கேட்டுட்டேன், வரேன்னுட்டா."

"டேய்! புதன்கிழமைப் படகுல பாட்டு கிடையாதேடா!"

"நல்லதாப் போச்சு. நாங்க பேசணும்ல. சரி வை, இங்க கால் வருது."

பட்டன் மேடம் எழுந்தாள். நாற்காலி வழக்கம்போல் பின்னால் உருண்டு சுவரில் மோதியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் தம்பிக்கு டிக்கெட் கிடைக்கல!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு, கன்னமெல்லாம் கண்ணீர்.

முதலாளியம்மா பதறி எழுந்தார். "என்னாச்சும்மா? நம்ம பக்கத்துல கோளாறா?"

"கோளாறே இல்லம்மா! தீர்ந்துபோச்சு! எல்லாரையும் மாதிரி அவனுக்கும் தீர்ந்துபோச்சு!"

முதலாளியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூட்டை சாருக்கு விளங்கிவிட்டது. மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தேநீர் வாங்கி வர எழுந்து போனார்.