என் நாத்தனாரின் காது

என் தாய்வீட்டுச் சீரில் வந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் பழம், பூ வைத்துப் பார்த்ததைவிட, மண்ணெண்ணெயில் ஊறும் இரும்புத் துண்டுகளைப் பார்த்ததுதான் அதிகம். என் கணவருக்குப் பழைய டீசல் இன்ஜின் பைத்தியம். வயலில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் அல்ல. உள்ளங்கையில் அடங்கிவிடும், பொம்மை விமானத்தின் மூக்கில் பொருத்துகிற குட்டி இன்ஜின். கல்லூரி நாளில் அவரும் தங்கையும் அவற்றை வைத்து விமானம் விட்டவர்களாம். சென்னைக்குப் போனால் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, கலந்து கிடக்கும் பாகங்களைப் பையோடு அள்ளி வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் நாத்தனார் வளத்தியிலிருந்து முதல் பஸ்ஸில் செஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

இருவரும் தோட்டத்தில் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தால், எனக்கு அங்கே வேலை காபி கொடுப்பதோடு சரி. இது பெட்ரோல் இன்ஜினுடையது, இது நம் டீசலுடையது என்று அவர் பிரித்து வைப்பார். பிஸ்டனுக்குச் சிலிண்டர் தேடுவது மட்டும் அவள் வேலை. இந்தக் குட்டி இன்ஜினில் பிஸ்டனைச் சுற்றி இடுக்கை அடைக்கிற ரிங் கிடையாது. ஒவ்வொரு பிஸ்டனையும் அதனதன் சிலிண்டருக்கென்றே தேய்த்துச் சேர்த்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் இன்ஜின் எழுந்திருக்காது. அவள் எண்ணெய் தொட்டு உள்ளே விட்டு, மேலே போகப் போக இறுகுகிறதா என்று கட்டைவிரலால் தள்ளிப் பார்த்து, "இது இதோட சம்சாரம்ணா" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். அவருடைய சம்சாரம் நான் டம்ளரோடு நின்றுகொண்டிருப்பேன்.

பிறகு இன்ஜினைப் பலகையில் திருகிப் பொருத்தி, விசிறியை விரலால் சுண்டுவார். ஈதரும் விளக்கெண்ணெயும் கலந்த நெடி கொடியில் காயும் துணியிலெல்லாம் ஏறிவிடும். அவருக்கு அப்போதே காது மந்தம். அவள் கண்ணை மூடிக் கேட்டு, விரலை இடமோ வலமோ அசைப்பாள். அவர் இன்ஜின் தலையிலுள்ள கம்ப்ரஷன் கம்பியைத் திருகுவார். சத்தம் சீரானதும் அவளை ஒரு பார்வை பார்ப்பார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் வைத்த குழம்புக்கோ கட்டிய புடவைக்கோ அந்தப் பார்வை ஒருநாளும் வந்ததில்லை. அமாவாசைக்கு மறுநாள் ஞாயிறாக இருந்தால், மேல்மலையனூர்க் கோயில் கூட்டம் திரும்புகிற பஸ் எதுவும் வளத்தியில் நிற்காது, அவள் வர மாட்டாள் என்று உள்ளுக்குள் குதித்திருக்கிறேன். ஒருமுறை நானும் கிட்டே போனேன். "தள்ளி நில்லுங்க அண்ணி, விசிறி பட்டா விரல் போய்டும்" என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

போன வருஷம் அவள் ஓசூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டாள். வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். அடுத்த ஞாயிறே அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். பாகங்களின் பெயர் எல்லாம் பாடம். அவருக்கு இப்போது காதுக்கருவி. இன்ஜின் போட்டால் இரைச்சல் தாங்காமல் கழற்றி வைத்துவிடுவார். நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். சொல்வேன், அவரும் திருகுவார், இன்ஜினும் ஏதோ ஓடும். பார்வை மட்டும் வரவில்லை.

போன மாதம் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே வைத்துக்கொண்டேன். நலம் விசாரிக்க வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணி, இன்ஜின் சூடாய்டுச்சு, திணறுது பாருங்க. கம்ப்ரஷன் ஜாஸ்தியா இருக்குது. கொஞ்சம் தளத்தச் சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் திணறியதாகத் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை மடியில் இறக்கிவிட்டு, விரலை இடப்பக்கம் அசைத்தேன். அவர் தளர்த்தினார். சத்தம் பிசிறில்லாமல் வந்தது. பலகையில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் பக்கவாட்டிலிருந்தே கண்டதை, அன்றுதான் நேருக்கு நேர் வாங்கிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது.

எண்ணெய் தீர்ந்து இன்ஜின் நின்றது. கருவியை மாட்டிக்கொண்டு, போனில் தெரிந்த தங்கை பெயரைப் பார்த்து, "இன்னா சொன்னா?" என்று கேட்டார்.

"சாப்டாச்சான்னு கேட்டா," என்றேன். போனை நான் இன்னும் அணைக்கவில்லை.

"ஆமாண்ணா," என்று என் மடியிலிருந்த போனில் அவள் குரல் வந்தது. "சாப்டீங்களா?"

அன்று முழுக்க எனக்கு அவள்மேல் கோபமாக இருந்தது.