தெலுங்குக் காகிதத்தில் என் கையெழுத்து

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் எங்கள் தெருவில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் அந்த நாளில் நான் ஒருவன்தான். அந்தப் பெருமைதான் இத்தனைக்கும் காரணம்.

எங்கள் ஊர் பிச்சாட்டூருக்குப் பக்கம். எல்லை பிரித்தபோது ஆந்திராவில் சேர்ந்தோம். பிறகு ஆபீஸ் காகிதமெல்லாம் தெலுங்கில் வர ஆரம்பித்தது. தெலுங்கு எங்கள் எல்லோருக்கும் பேச வரும். படிக்க வராது. எனக்கும் வராது.

என் நிலத்தை ஒட்டிய நிலத்தைப் பன்னிரண்டு வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்தவர் ஒருவர். உறவில்லை, ஆனால் மாமா என்றுதான் கூப்பிடுவேன். நிலக்காரர் திருப்பதியில் இருந்தார். அறுப்பு முடிந்ததும் அவருடைய குமாஸ்தா வந்து, களத்திலேயே குத்தகை நெல்லை அளந்து வண்டியில் ஏற்றிப் போவார். ரசீது கொடுக்கிற வழக்கம் இல்லை. ஊர்க் கணக்கிலும் பயிர் செய்கிறவர் என்று நிலக்காரர் பெயரே இருந்தது.

குத்தகைக்காரரை இனி வெளியேற்ற முடியாது, சட்டம் வருகிறது என்று பேச்சு அடிபட்ட சமயம், அந்தக் குமாஸ்தா ஒரு தெலுங்குக் காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். கூடவே ஊர்க்காரர்கள் நாலு பேர்.

"பக்கத்து நிலத்துக்காரன் நீ. எல்லைக்குச் சாட்சி, வேற ஒண்ணுமில்ல. படிச்சுப் பாத்துப் போடு. நீதான் படிச்சவனாச்சே."

நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். காகிதத்தை வாங்கி வரி வரியாகக் கண்ணை ஓட்டினேன். உதட்டைக்கூட அசைத்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

ஆறு மாதம் கழித்து மாமாவை நிலத்தைவிட்டுப் போகச் சொன்னார்கள். வழக்கு சித்தூருக்குப் போயிற்று. பயிர் செய்தது தான்தான் என்று காட்ட மாமாவிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. என் வாயைத்தான் நம்பினார். சித்தூரில் பஸ் இறங்கியதும் இட்லி வாங்கிக் கொடுத்தார்.

"நல்லா துன்னு மாப்ளே. உள்ள போயி சத்தமா பேசணும். பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தலைய குனிஞ்சிக்கினு நிக்காத."

சத்தமாகத்தான் சொன்னேன், பன்னிரண்டு வருஷமும் உழுதது அவர்தான் என்று. அப்போது நிலக்காரரின் வக்கீல் அந்தக் காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தார். இவர் குத்தகைக்காரர் அல்ல, நிலக்காரரிடம் கூலிக்கு வேலை செய்கிறவர், இதை நான் கண்ணால் கண்டு அறிவேன் என்று அதில் இருந்தது. காதால் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"படிச்சுப் பாத்துத்தானே போட்ட?"

எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். குமாஸ்தா முகத்தில் லேசாகச் சிரிப்பு.

"படிச்சுட்டுத்தாங்க" என்றேன்.

திரும்பும்போது புத்தூரில் மாமாவும் நானும் பஸ் மாறினோம். பிறகு, "தெலுங்கு எப்ப மாப்ளே கத்துக்கினே? எங்கிட்ட சொல்லவேயில்லியே" என்றார். குத்திக் காட்டினாரா, நிஜமாகவே கேட்டாரா, இன்றும் தெரியாது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

தீர்ப்பு மாமாவுக்கு எதிராக வந்தது. அடுத்த போகத்தில் அதே நிலத்தில் அவர் கூலிக்குக் களை எடுத்தார். நான் கையெழுத்துப் போட்ட பொய் அப்படி உண்மையாகிவிட்டது.

இன்று காலை வரப்பில் என்னிடம் வெற்றிலை கேட்டார். கொடுத்தேன். சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்குத் தெலுங்கு படிக்க வராது, அன்றும் வராது. அவருக்குத் தமிழும் படிக்க வராது, நான்தான் இதைப் படித்துக் காட்ட வேண்டும். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

1969, தை மாதம் 9-ம் தேதி.