குண்டுக்கரிச்சானும் பீரோ நிறைய ரவிக்கைத் துணியும்

விசாலத்துக்கு ஒரு குணம் உண்டு. அடுத்த வீட்டுக்கு யார் வந்தார், யார் போனார், வந்தவர் கையில் பை இருந்ததா என்பது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி புனே பக்கம் சிஞ்ச்வட்டுக்கு வந்த நாள் முதலே அப்படித்தான். அவள் கணவர் அருணாச்சலம் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஒனக்கு வேற சோலியே கிடையாதா?" என்று கேட்டுக் கேட்டு அதிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் குணத்துக்கு ஒரு மரியாதை வரும் என்று மனிதர் கனவிலும் நினைக்கவில்லை.

வந்ததே! தேஜஸ்வினி என்றொரு மராத்திப் பெண், நகரத்தில் குண்டுக்கரிச்சான்கள் எப்படிக் குடும்பம் நடத்துகின்றன என்று ஆராய்ச்சி செய்கிறாள். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு விடியுமுன்னே பாடுமே, அந்தக் குருவிதான். சொசைட்டி என்று அங்கே சொல்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டத்து ஜோடிக்குக் காலில் வண்ண வளையம் மாட்டிவிட்டு, தினமும் பார்த்துச் சொல்ல ஆள் தேடினாள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள், சலித்து ஓடிவிட்டார்கள். விசாலம் ஓடுவாளா? பால்கனியில் நாற்காலியைப் போட்டுவிட்டாள். தேஜஸ்வினியின் போனுக்கு அரைகுறை இந்தியில் குரல் செய்திகள் பறந்தன. சிவப்பு வளையக்காரன் இன்று பாடியே பொழுதைக் கழித்தான். எவளோ ஒரு பெட்டை வந்து அவன் முன்னால் வாலாட்டினாள், வீட்டுக்காரி விரட்டிவிட்டாள், நல்லதுதான் செய்தாள்.

சிரிப்புக்கு நடுவே ஒரு வேதனையும் இருந்தது. போன வருஷம் அந்த ஜோடியின் குஞ்சுகள் இரை பற்றாமல் செத்துப்போயின. விசாலம் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இந்த வருஷம் மீட்டர் அறைச் சுவரின் பொந்தில் மறுபடி மூன்று குஞ்சுகள் பொரித்தபோது, இவற்றைப் பறக்கவிட்டுத்தான் மறுவேலை என்று நெல்லையப்பரிடம் சொல்லிவைத்தாள்.

கெட்ட நேரம், ஆண் குருவி அன்றைக்குத்தான் ஒரு காரின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தது. குஞ்சு பொரித்த காலத்தில் ஆண் கரிச்சான் தன் எல்லைக்குள் இன்னொரு ஆணைப் பொறுக்காது. கண்ணாடிக்குள் ஒருத்தன் நிற்கிறான்! கொத்தியது, பாய்ந்தது, விழுந்து எழுந்து மறுபடி பாய்ந்தது. பெட்டை மட்டும் ஒற்றையாளாகப் புழு தேடி அலைந்தது.

"வெக்கமா இல்ல ஒனக்கு? அவ ஒருத்தி கிடந்து சாவுதா. நீ கண்ணாடியப் பாத்துக்கிட்டு நிக்கியே, போக்கத்த மூதேவி!" என்று பால்கனியிலிருந்து கத்தினாள் விசாலம்.

குளியலறைக் கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்த அருணாச்சலம், பாதி முகத்து நுரையோடு ஓடி வந்தார். "என்னட்டி செய்யணும், சொல்லு!"

தேஜஸ்வினியைக் கேட்டதற்கு, "கூட்டைத் தொடக்கூடாது ஆன்ட்டி, தீனியும் போடக்கூடாது. கண்ணாடியை வேணும்னா மறைங்க" என்றாள். ஒரு காரை மறைத்தால் குருவி அடுத்த காருக்குப் போனது. பிளாஸ்டிக் பை கட்டினால் சலசலப்புக்குப் பெட்டை மிரண்டது. விசாலம் பீரோவைத் திறந்தாள்.

நம் வீட்டுப் பீரோவில் ரவிக்கைத் துணி தைப்பதற்கா இருக்கிறது? கொலுவுக்கு வந்தவளுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்க இருக்கிறது. அவள் அதை இன்னொருத்திக்குக் கொடுப்பாள். மராத்திப் பெண்களின் மஞ்சள் குங்கும விழாவிலும் இதே கதைதான். துணி ஊர் சுற்றும், ஊசி மட்டும் படாது. கொடுத்தவள் கண்ணில் அது மறுபடி படக்கூடாது என்பதுதான் இதில் ஒரே சட்டம். அவசரத்தில் சட்டமாவது ஒன்றாவது! அன்று சாயங்காலமே எல்லாக் கார் கண்ணாடிக்கும் பட்டும் பருத்தியுமாக முக்காடு ஏறியது.

மறுநாள் காலை சொசைட்டித் தலைவி ஷீலா இறங்கி வந்து பார்த்தாள். மதராஸிகளின் ஏதோ விரதம் என்று முடிவு கட்டி, தன் கார் பானெட்டில் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். மற்றவர்களுக்கும் பக்தி பிடித்துக்கொண்டது. ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலைக்குக் கிளம்பியவர்கள்கூட, திரும்பி வந்ததும் துணியை மறுபடி கட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். விசாலம் வாயைத் திறக்கவில்லை. சாமி பெயரைச் சொன்னால் நிற்கிற துணி, குருவி பெயரைச் சொன்னால் நிற்குமா?

அப்போதுதான் கோயம்புத்தூர்க்காரி நீலா வந்தாள், வங்கி அதிகாரி. தன் காரில் கட்டியிருந்த மாம்பழ நிறத் துணியை அவிழ்த்துப் பிரித்தாள்.

"ஏனுங்க்கா, இது நான் போன கொலுவுக்கு உங்களுக்குக் குடுத்ததுங்களே? பிடிக்கலைனா சொல்லியிருக்கலாமுங்க. காருக்கா கட்டுவீங்க?"

விசாலத்துக்கு முகம் எரிந்தது. அதற்குள் ஷீலாவும் பக்கத்துக் காரில் தான் கொடுத்த பச்சைத் துணியை அடையாளம் கண்டு, "அரே, இது என்னுடையதாச்சே!" என்று இந்தியில் கூவிக்கொண்டே முடிச்சில் கை வைத்தாள். நீலா அவிழ்த்த கண்ணாடியிலோ ஆண் குருவி வந்து பாயத் தொடங்கிவிட்டது.

விரதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் பொந்திலிருந்து குஞ்சுகளின் கீச்சுக் குரல் கேட்டது. நேற்றைவிட மெலிந்த குரல். அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் தமிழிலும் இந்தியிலுமாக. "அந்தக் கிறுக்குப் பய கண்ணாடியோட சண்டை போடுதான். உள்ள மூணு பச்சப் புள்ளைக பட்டினி. இந்த வருஷமும் செத்தா என்னால தாங்க முடியாது. என்னை என்ன வேணா பேசுங்க, துணிய மட்டும் அவுக்காதிய."

பெட்டைக் குருவி ஒரு புழுவோடு பொந்துக்குள் போய் உடனே வெளியே ஓடியது. ஷீலா அவிழ்க்க இருந்த முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

நீலா கையிலிருந்த துணியை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குருவியை விரட்டிவிட்டுக் கண்ணாடியைப் பொதிந்தாள். "உண்மையச் சொல்றேனுங்க்கா, இது எனக்கும் யாரோ வெச்சுக் குடுத்ததுதானுங்க" என்றாள்.

சண்டைக்கு ஆளில்லாமல் போன குருவி, கார் காராக உட்கார்ந்து பார்த்தது. கூரை மேல் நின்று கொஞ்சம் பாடியது. எதிரி வரவில்லை. கடைசியில் புல்லில் இறங்கி எதையோ கவ்விக்கொண்டு நேரே பொந்துக்குள் நுழைந்தது. கீச்சுச் சத்தம் பலமாகக் கிளம்பியது.

விசாலம் அங்கேயே நின்று அழுதாள். காய்கறிப் பையோடு வந்த அருணாச்சலம் பதறிப்போய், "யாரு என்ன சொன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க" என்று மூக்கை உறிஞ்சினாள் விசாலம். "அவன் வீட்டுக்குப் போயிட்டான்."