எடுக்க விடாத ரத்தம்

நான் தனியாக வழக்கு நடத்தத் தொடங்கிய இரண்டாவது வருடம் அந்தப் பெண் என்னிடம் வந்தார். பூதலூரில் தையல் வேலை. கணவர் சிங்கப்பூரில். அவர் லீவில் வந்துபோன பிறகு பெண் குழந்தை, எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. நாள் கணக்கு உதைக்கிறது என்று கணவர் மனதில் விழுந்த சந்தேகம் போகவே இல்லை. குழந்தைக்கு ஐந்து வயதானபோது, அது தன்னுடையதல்ல, மனைவியின் நடத்தை சரியில்லை என்று தஞ்சாவூர் குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டார். டி.என்.ஏ. பரிசோதனையும் கேட்டார். நீதிபதி உத்தரவிட்டார்.

உத்தரவை வராந்தாவில் வைத்து விளக்கினேன். "வலுக்கட்டாயமா யாரும் ரத்தம் எடுக்க முடியாதும்மா. ஆனா நீங்க மறுத்தா, அவர் உங்க மேல சொல்றது உண்மைன்னு கோர்ட் எடுத்துக்கலாம்."

"பாப்பாவ என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாது. கல்யாண வாழ்க்கையில பொறந்த பிள்ளை. அவர் லீவுல வந்து உங்களோட இருந்தவர்தான். நீங்க மறுத்ததை வச்சு அவ உரிமையைத் தொட முடியாது."

"அப்ப எடுக்க வேணாம் மேடம்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அவர் பிள்ளைதானே? எடுத்தா ஒரே நாள்ல ஜெயிச்சிடலாமே!"

"அவர் பிள்ளைதான். ஆனா, நீ யாருன்னு தெரியறதுக்கு உன்னை ஊசி குத்திப் பாத்தோம்னு பின்னால அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கட்டும்."

ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னேன். அதே பதிலோடு வந்து, மறுப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்.

தீர்ப்பு நான் சொன்னது போலவே வந்தது. பரிசோதனைக்கு மறுத்ததால் கணவரின் குற்றச்சாட்டு உண்மை என்று கருதப்பட்டு விவாகரத்து வழங்கப்பட்டது. நிறைந்திருந்த அந்த அறையில் அதைக் கேட்டுக்கொண்டு அவர் நின்றார். குழந்தை சட்டப்படி கணவரின் மகளே என்ற வரி அடுத்து வந்தது. என் பக்கம் திரும்பி, "அது இருக்குல்ல?" என்று மெல்லக் கேட்டார். இருக்கிறது என்றேன். தோற்ற வழக்குக்காக நான் அழுதது அன்று ஒருநாள்தான்.

வெளியே வந்தபோது படிக்கட்டருகே கணவர் நின்றுகொண்டிருந்தார். வென்றவர் முகமாக அது இல்லை. எங்களைப் பார்த்துத் தயங்கிவிட்டு, "பாப்பாவுக்கு இன்னும் வீசிங் வருதா?" என்று கேட்டார்.

இவர் கோபத்தில் சட்டென்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

"பனிக்காலத்துல மட்டும் வருதுங்க," என்றார் அந்தப் பெண். கொஞ்சம் நின்று, "ஒண்ணாவது போறா. உங்க இனிஷியல்தான் போட்டிருக்கேன்," என்றார்.

கணவர் தலையாட்டினார். எங்களுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்.